ரயிலுக்கும் தூசிக்கும் தாங்குமா? தங்கவயல்காரர்களுக்கு ஒரு லேப்டாப் வழிகாட்டி

ராபர்ட்சன்பேட்டையில் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கக் கிளம்பும் வீடுகளில் பேச்சு இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. ஐ-த்ரீயா, ஐ-ஃபைவா? எத்தனை ஜிபி? கடைக்காரரும் அதற்குத்தான் பதில் வைத்திருக்கிறார். காட்சிக்கு வைத்த மாடலின் பக்கத்தில் நிற்கும் அட்டையிலும் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆனால் மூன்று வருஷம் கழித்து அதே லேப்டாப் அலமாரி மேல் சும்மா கிடக்கும்போது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். கீல் பிளந்துபோச்சு, சார்ஜ் நிற்கவே மாட்டேங்குது, ஃபேன் இரைச்சல் தாங்க முடியல, ரேம் போட இடமே இல்லன்னு சொல்லிட்டாங்க. இப்படித்தான் பதில் வரும். இவற்றில் ஒன்றுகூட அந்த அட்டையில் இருந்ததில்லை.

2001 பிப்ரவரி 28-ம் தேதி கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு தங்கவயல் இளைஞர்களுக்குப் பெரும்பாலும் பெங்களூர்தான் வேலைத்தலம். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஏறி, பங்காருப்பேட்டை, மாலூர் வழியாக ஒயிட்ஃபீல்டிலோ கே.ஆர்.புரத்திலோ கண்டோன்மென்டிலோ இறங்கி, இரவு அதே வழியில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு வழிக்கே நெடுந்தூரம். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் தேர்வு நம் கையில் இல்லை. சொந்தக் காசு போட்டு வாங்கும் கல்லூரிப் பிள்ளைகள், வேலை தேடுகிறவர்கள், வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுப்பவர்கள், டியூஷன் எடுப்பவர்கள் ஆகியோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் வேலூர் பக்கத்துச் சொந்தக்காரப் பிள்ளைகள் பலருக்கு முதல் லேப்டாப் கையில் வந்தது. இங்கே பெரும்பாலான வீடுகளில் அது மாதத் தவணைதான். தவணை முடிவதற்குள் சாமான் படுத்துவிடக் கூடாது.

என் கணக்கு எளிமையானது. ஒரு லேப்டாப்பில் பின்னால் மாற்றக்கூடியவை சில, மாற்றவே முடியாதவை சில. எஸ்எஸ்டி மாற்றலாம். பேட்டரி மாற்றலாம். ஸ்லாட் இருந்தால் ரேம் கூட்டலாம். ஆனால் திரையின் தரம், கீபோர்டு, கீல், எடை, காற்று போகும் வழி, சார்ஜ் ஏறும் துளை ஆகியவை வாங்கிய நாளில் எப்படி இருந்தனவோ அப்படியேதான் கடைசிவரை. கைக்காசு முதலில் இந்த இரண்டாம் வகைக்குப் போக வேண்டும். கடையில் நடப்பது இதற்கு நேர்மாறு. 512 ஜிபியை 1 டிபி ஆக்கி ஐந்தாயிரம் கூடுதலாக வாங்கிக்கொள்கிறார்கள், அந்த வித்தியாசத்தில் நல்ல திரையே வந்திருக்கும்.

நம் ஊர்க்காரர் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. ஷோரூமில் அடுக்கியிருக்கும் 15.6 அங்குலப் புது லேப்டாப் ஒன்று. அதே விலையிலோ கொஞ்சம் கூடவோ கிடைக்கும் 14 அங்குல இலகுவான மாடல் இன்னொன்று. பையன் ஆசைப்படும் கேமிங் லேப்டாப் மூன்றாவது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் பழைய ஆபீஸ் லேப்டாப் நான்காவது, அதாவது திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகை. மேக்புக் ஏர் வாங்கும் வசதி உள்ளவர்களும் இருக்கிறார்கள். அதைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

எடை என்றால் சார்ஜரையும் சேர்த்துத்தான்

15.6 அங்குல மாடல்கள் பெரும்பாலும் 1.6 முதல் 1.8 கிலோ. 14 அங்குலம் 1.3 முதல் 1.5 கிலோ. கால் கிலோதானே என்று தோன்றும். உட்கார இடம் கிடைக்காமல் பங்காருப்பேட்டையிலிருந்து நின்றுகொண்டே போகும் நாளில் அந்தக் கால் கிலோ தோளில் தெரியும். கேமிங் லேப்டாப் பெரும்பாலும் 2 கிலோவுக்கு மேல்தான். அதன் சார்ஜரே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், சிலவற்றில் முக்கால் கிலோ. தினமும் ரயிலில் போகிற பிள்ளைக்குக் கேமிங் லேப்டாப் வாங்கிக் கொடுப்பதை நான் முழுக்க எதிர்க்கிறேன். இரண்டாவது மாதத்திலேயே அது வீட்டோடு தங்கிவிடும். கல்லூரிக்கு வெறுங்கையோடுதான் போவான்.

எடையைவிட முக்கியம் சார்ஜ் ஏறும் வழி. டைப்-சி துளை இருக்கிறது என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அந்தத் துளை மூன்று விதமாக இருக்கலாம்: வெறும் தகவல் மட்டும் போகும், தகவலோடு வெளித்திரைக்குப் படமும் போகும், இவை இரண்டோடு சார்ஜும் ஏறும். பார்க்க மூன்றும் ஒன்றுதான். கடையிலேயே ஒரு 65 வாட் டைப்-சி சார்ஜரைச் செருகிப் பார்த்துவிடுவது நல்லது, திரையில் சார்ஜ் அடையாளம் வந்தால் சரி. அது வந்துவிட்டால் பல வசதி. போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே சார்ஜர் போதும். கெட்டுப்போனால் எந்தக் கம்பெனி சார்ஜரையும் வாங்கிக்கொள்ளலாம். சார்ஜ் பாயின்ட் இல்லாத பாசஞ்சர் பெட்டியில் பவர் பேங்கிலிருந்தே ஏற்றலாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 74 வாட்-அவர். வழியில் வீணாவது போக, சாதாரண லேப்டாப்பை ஏறக்குறைய ஒரு முறை நிரப்பும். ஆனால் அந்தப் பவர் பேங்க் 45 வாட்டாவது தரவேண்டும். போனுக்கு என்று விற்கும் 18, 22 வாட் வகைகள் பெரும்பாலும் லேப்டாப்பை அசைக்காது.

பேட்டரியை மணிக்கணக்கில் கேட்காதீர்கள். 'பத்து மணி நேரம் வரை' என்பது வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, உள்ளே இருக்கும் ஒரு வீடியோவை மட்டும் ஓட்டிப் பார்த்த கணக்கு. வாட்-அவர் எவ்வளவு என்று கேளுங்கள். மலிவு மாடல்களில் 42 வாட்-அவர் அளவில் இருக்கும். 55-க்கு மேல் இருந்தால் நல்லது. எழுத்து வேலைக்கு லேப்டாப் 8 வாட் இழுத்தால் 42 வாட்-அவர் ஐந்து மணி நேரம் வரும். வீடியோ மீட்டிங்கில் 20 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம்தான். பிராசசர் பெயரின் கடைசி எழுத்தும் இதைத்தான் சொல்கிறது. 'யூ' என்று முடிந்தால் கரண்ட் சிக்கனம். 'எச்', 'எச்எக்ஸ்' என்றால் வேகம் கூட, இழுப்பும் கூட. வீட்டில் எப்போதும் பிளக்கிலேயே செருகி வைப்பவர்கள் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி அந்த மாடலில் உண்டா என்று பார்க்க வேண்டும். பேட்டரியின் ஆயுசை அது வெகுவாகக் கூட்டும்.

சயனைடு மண்ணும் ஃபேனும்

வெளியூர் வழிகாட்டிகள் எதிலும் இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது. ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மண்மேடுகள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய கழிவு, 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன். காற்று பலமாக வீசும் மாதங்களில் திருநீறு போன்ற அந்தப் பொடி ஜன்னலைச் சாத்தினாலும் வீட்டுக்குள் வந்து படிகிறது. நுரையீரலுக்கு அது செய்யும் கெடுதல் இந்த ஊருக்குப் பழைய துயரம். அதோடு ஒப்பிட்டால் லேப்டாப் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஐம்பதாயிரம் போட்டு வாங்கிய சாமானை அதே பொடிதான் பாழாக்குகிறது.

பெரும்பாலான லேப்டாப்புகள் அடிப்பலகையில் உள்ள துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, கீல் பக்கமாகவோ ஓரமாகவோ சூட்டை வெளியே தள்ளுகின்றன. ஃபேனுக்கும் வெளித்துவாரத்துக்கும் நடுவே மெல்லிய உலோகத் தகடுகள் சீப்புப் பல்லாக அடுக்கியிருக்கும். பொடி அங்கேதான் சிக்கி, நாளாவட்டத்தில் கம்பளித் துண்டாகத் திரள்கிறது. காற்று போக வழியில்லை என்றால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'வாங்கினப்போ நல்லா இருந்துச்சு, இப்ப ஸ்லோ ஆயிடுச்சு' என்று சொல்லப்படும் லேப்டாப்புகளில் பலவற்றுக்கு வேண்டியது புது ரேம் இல்லை, ஒரு சுத்தம்.

ஆகவே வாங்கும் முன் லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பலகை சாதாரண ஸ்க்ரூக்களால் பூட்டியிருக்கிறதா? கழற்றினால் ஃபேன் நேரே தெரிகிறதா, இல்லை மதர்போர்டு முழுவதையும் எடுத்தால்தான் கைக்கு எட்டுமா? அந்த மாடலின் பெயரைப் போட்டு, பிரித்துக் காட்டும் வீடியோ ஒன்றை யூடியூபில் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஃபேன் எளிதாகக் கைக்கு எட்டும் மாடலை நம் ஊர் ரிப்பேர்காரரே வருஷம் ஒருமுறை சுத்தம் செய்து கொடுப்பார். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்; காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் அதன் பேரிங் போய்விடும். தூசியைத் தடுக்கிறேன் என்று துவாரத்தின் மேல் துணி ஒட்டுவது மட்டும் வேண்டாம், சூடு உள்ளேயே அடைபடும். மெத்தை மேல் வைத்து வேலை செய்வதும் அதே கெடுதிதான்.

இந்த ஒரு விஷயத்தில் மேக்புக் ஏர் மற்ற எல்லாவற்றையும்விட மேல். 2020-ல் வந்த எம்1 முதல் அதில் ஃபேனே கிடையாது, தூசியை உள்ளே இழுக்க ஆளில்லை. கேமிங் லேப்டாப் எதிர்த்துருவம். இரண்டு பெரிய ஃபேன்கள், நிறையக் காற்று, கூடவே நிறையப் பொடி.

திரை, கீல், கீபோர்டு

திரையில் கவனிக்க வேண்டிய எண் அங்குலம் இல்லை, வெளிச்சம். அதை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 250 நிட்ஸ் திரை வீட்டுக்குள் போதும். ரயில் ஜன்னலோரம் காலை வெயிலில் உங்கள் முகம்தான் அதில் தெரியும். 300 பரவாயில்லை, 400 நிம்மதி. கண்ணாடியாகப் பளபளக்கும் திரையைவிட மங்கல் பூச்சுத் திரை நல்லது. அடுத்தது நிறம். '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று சிறிய எழுத்தில் இருந்தால், அந்தத் திரை சாதாரண எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடக் காட்டாது என்று அர்த்தம். அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். கோடிங் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய குறையில்லை. ஆனால் புடவைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வியாபாரம் செய்கிற அக்காவுக்கும் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற தம்பிக்கும் இதுவே தொழிலைக் கெடுக்கும். அவர்கள் '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று எழுதியிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். நெட்டையாக இருக்கும் 16:10 திரையில் ஒரே பார்வையில் கூடுதல் வரிகள் படிக்கலாம். 14 அங்குலத்தில் இப்போது அது சாதாரணமாகக் கிடைக்கிறது.

கீல்தான் மலிவு லேப்டாப்புகளின் உயிர்நிலை. திரையைத் தாங்கும் உலோகக் கீல், உடலில் உள்ள பிளாஸ்டிக் குமிழ்களில் பதித்த சின்னப் பித்தளை மரைகளில் ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் அந்தப் பிளாஸ்டிக்தான் இழுபடுகிறது. நாளடைவில் கீல் இறுகும், பிளாஸ்டிக் விரியும், ஒருநாள் 'டக்' என்று ஓரம் பிளந்து அடிப்பலகை வாயைத் திறக்கும். தினமும் ரயிலில், ஆபீஸில், வீட்டில் என்று திறந்து மூடுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். கடையில் இப்படிப் பாருங்கள்: திரையின் ஒரு மூலையை மட்டும் பிடித்து மெதுவாகத் திறக்க வேண்டும். மறுமூலை பின்தங்கி, மூடி முறுகினால் அந்த மாடல் வேண்டாம். ஒரே விரலால் திரையைத் தூக்கும்போது அடிப்பாகம் மேஜையிலேயே இருந்தால் கீலின் இறுக்கம் அளவாக இருக்கிறது. கீபோர்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பலகை பள்ளமாக அமுங்குகிறதா என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. பழைய ஆபீஸ் லேப்டாப்புகள் புது மலிவு மாடல்களைத் தோற்கடிப்பது இந்த இடத்தில்தான். அவற்றின் கீல் உறுதி. திரை பெரும்பாலும் 180 பாகை வரை மடங்கும்.

கீபோர்டில் ஒரு வார்த்தை அடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். 15.6 அங்குல மாடல்களில் வலப்பக்கம் எண்பலகை இருப்பதால் எழுத்துப் பகுதி இடப்பக்கம் தள்ளிப்போய்விடும். கணக்கு எழுதுகிறவர்களுக்கு எண்பலகை வரம், நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர்களுக்குத் தோள்வலி. தமிழ்99 முறையில் அடிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய லேப்டாப்புகள் சிலவற்றில் என்டர் விசையும் ஷிஃப்ட் விசையும் வேறு வடிவம், குறியீடுகள் வேறு இடம். பழகிய விரல் தடுமாறும். விடியற்காலை வண்டியில் வேலை செய்வதென்றால் கீபோர்டுக்கு வெளிச்சம் அவசியம்.

கரண்ட்

சிவனசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் இது. பெங்களூர் தெருவிளக்குக்கே 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய லைன் வீடுகளில் பிளக்கின் மூன்றாவது துளைக்குள் எர்த் கம்பி உண்மையிலேயே இருக்கிறதா என்பதை இன்று எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. லேப்டாப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், உலோக உடல்.

உலோக மூடி போட்ட லேப்டாப்பைச் சார்ஜில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து மணிக்கட்டை அதன் ஓரத்தில் வைத்தால் சுருசுருவென்று ஒரு கூச்சம் ஏறும். புறங்கையால் லேசாகத் தடவினால் இன்னும் தெளிவாகத் தெரியும். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கண்டென்சர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசிந்து, எர்த் கிடைக்காததால் உடலில் வந்து நிற்கிறது. நல்ல சார்ஜரில் அது உயிருக்கு ஆபத்தான அளவு இல்லை, ஆனால் தினமும் சகிக்கத் தேவையும் இல்லை. இரண்டு முள் சார்ஜரோடு வரும் உலோக லேப்டாப்பில் இதைத் தவிர்ப்பது கடினம். மூன்று முள் சார்ஜரோடு வருவதை எடுத்து, வீட்டு எர்த்தைச் சரிசெய்துகொண்டால் போய்விடும். வாடகை வீட்டில் எர்த் போட முடியாது என்பவர்களுக்குப் பிளாஸ்டிக் உடலே மேல். பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். மலிவுக் கம்பெனியின் டூப்ளிகேட் சார்ஜர் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். அங்கே அந்தக் கசிவுக்கு உத்தரவாதம் இல்லை.

ரேமும் பிராசசர் பெயரும்

8 ஜிபி இன்றைக்குப் போதாது. 16 வேண்டும். ஆனால் 8 வாங்கிப் பின்னால் கூட்டிக்கொள்ளலாமா என்பது மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் ரேம் முழுவதும் மதர்போர்டில் பற்றவைத்தது, கூட்டவே முடியாது. எல்பிடிடிஆர் என்று எழுதியிருந்தால் அநேகமாக அப்படித்தான். சிலவற்றில் பாதி பற்றவைத்தது, பாதிக்கு ஸ்லாட். சிலவற்றில் இரண்டு ஸ்லாட்டுகள். காட்சிக்கு வைத்த மாடலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பகுதிக்குப் போனால் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரி இருக்கும். அங்கே 'எஸ்ஓடிம்' என்றால் ஸ்லாட் உண்டு. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் பற்றவைத்தது. கடைக்காரரைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறியிருப்பதால், பற்றவைத்த மாடல் என்றால் முதல் நாளே 16 ஆக வாங்குங்கள்; ஸ்லாட் இருந்தால் பொறுமையாகக் கூட்டிக்கொள்ளலாம்.

பிராசசர் பெயரில் பெரிய எண் புதியது என்று நம்புவது தவறு. ஏஎம்டி ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ஒரே 'ரைசன் 5', ஒரே 7000 வரிசை, பத்து எண் மட்டும் வித்தியாசம். உள்ளே முதலாவது 2019-ல் அறிமுகமான ஜென்-2 வடிவமைப்பு, நான்கு கோர். அடுத்தது ஜென்-3, ஆறு கோர். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பின் தலைமுறையைச் சொல்கிறது. கூடவே 7520யூ வரும் லேப்டாப்புகளில் ரேம் பற்றவைத்ததாகத்தான் இருக்கும். தள்ளுபடியில் இரண்டாயிரம் குறைத்துக் கொடுக்கும்போது குறைந்தது எது என்று இந்த இலக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

எஸ்.பி. ரோடு போகிறவர்களுக்கு

இருபத்தைந்தாயிரம்தான் கையில் இருக்கிறது என்றால் புது லேப்டாப்பைவிடப் பழைய ஆபீஸ் லேப்டாப்பே என் தேர்வு. ஆனால் அதில் ஒரு கோடு இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமென்றால் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளவை ஒரே கடையில் ஒரே அடுக்கில் அண்ணன் தம்பியாக நிற்கின்றன. திங்க்பேட் டி470, டி480 இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அடையாளம் காண்பதே கஷ்டம். டி470-யில் இருப்பது ஆறாம், ஏழாம் தலைமுறை. டி480-யில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை. பெயரை நம்பாமல் பிராசசர் எண் 8-ல் தொடங்குகிறதா என்று திரையிலேயே பாருங்கள். லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு டி470-யும் நல்ல சரக்குதான், அதற்கேற்ற விலையில் கேளுங்கள்.

டி480-ஐ நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு ரேம் ஸ்லாட். உள்ளே ஒரு பேட்டரி, பின்பக்கம் கையால் கழற்றிவிடக்கூடிய இன்னொன்று. டைப்-சியில் சார்ஜ். மேலே சொன்ன 'பின்னால் மாற்றக்கூடியவை' இதில் அதிகம். குறை என்றால் திரை. பல பிரதிகளில் மங்கலானதே வரும்.

வாங்கும்போது கணினியை மறுபடி தொடங்கி பயாஸுக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வைத்துவிடுங்கள். முந்தைய கம்பெனியின் பூட்டு அது, பிறகு திறக்க அலைய வேண்டியிருக்கும். பழைய மேக்புக்கில் முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் உண்டு, பிறந்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்பும் கொள்ளளவு. இரண்டாவது முதலாவதில் எழுபது சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசலாம்.

சர்வீஸ்

ஒரு லேப்டாப் கெட்டால் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போய், பிறகு வாங்கி வர இன்னொரு நாள் போவது என்றால் இரண்டு நாள் சம்பளம் போகிறது. அதனால் வாரன்டி எத்தனை வருஷம் என்பதற்கு முன்னால் அது எந்த வகை என்று கேட்க வேண்டும். நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் வகை ஒன்று, ஆள் வீட்டுக்கு வரும் ஆன்சைட் வகை இன்னொன்று. ஆன்சைட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அது நம் பின்கோடுக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. வாங்குவதற்கு முன்பே அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டு 563122 என்று சொல்லிக் கேளுங்கள். ராபர்ட்சன்பேட்டைக்கு வருவோம், மாரிக்குப்பத்துக்கு வரமாட்டோம் என்ற பதிலும் வரலாம் என்பதால் உங்கள் பகுதிக்குரிய எண்ணையே சொல்லுங்கள். நிறைய கம்பெனிகள் சாதாரண மாடல்களுக்கு ஒரு வருஷ வாரன்டிதான் தருகின்றன. கூடுதல் வருஷத்தை வாங்கும் சமயத்தில் சேர்த்தால் மலிவு. கீழே விழுந்தால், தண்ணீர் கொட்டினால் ஈடுசெய்யும் திட்டம் தனி. கூட்ட ரயிலில் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

கேமரா பற்றி நீட்ட வேண்டாம். வேலைக்கான நேர்காணல்கள் பல இப்போது வீடியோவில் நடப்பதால் 720-ஐ விட்டு 1080 எடுங்கள். எச்டிஎம்ஐ துளையும் சாதாரண யுஎஸ்பி துளை இரண்டும் இருந்தால் தனி அடாப்டர் சுமக்க வேண்டாம்.

யாருக்கு எது

தினமும் பெங்களூர் போய் வரும் மாணவருக்கும் வேலை தேடுகிறவருக்கும் 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள், டைப்-சி சார்ஜ், 300 நிட்ஸுக்கு மேல், 16 ஜிபி. பிராசசர் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை. உரிகத்தில் உள்ள இன்ஜினீயரிங் கல்லூரிக்குப் போய் வருகிற பிள்ளைக்கு எடை அவ்வளவு பெரிதில்லை. இரண்டு ரேம் ஸ்லாட் உள்ள 15.6 அங்குலம் நான்கு வருஷமும் வளரும். வீட்டை விட்டு நகராத கணக்கு வேலைக்கு எண்பலகை உள்ள பெரிய மாடல். கையிருப்பு குறைவென்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள பழைய ஆபீஸ் லேப்டாப்போடு புது பேட்டரி. கேமிங் லேப்டாப் அனிமேஷன், முப்பரிமாண வடிவமைப்பு படிப்பவருக்கு, அதுவும் ஹாஸ்டலிலோ வீட்டிலோ ஒரே இடத்தில் வைத்து வேலை செய்பவருக்கு மட்டும். மேக்புக் ஏர் பல வருஷம் ஓடும், தூசி தொல்லையில்லை. ஆனால் எதையும் பின்னால் கூட்ட முடியாது, ரிப்பேர் செலவும் பெரிது. உங்கள் படிப்புக்கான மென்பொருள் அதில் ஓடுமா என்று கல்லூரியில் கேட்டபிறகு முடிவெடுங்கள்.

வாங்கி வந்த முதல் வாரத்திலேயே எல்லாத் துளையிலும் ஒவ்வொன்றாகச் செருகிச் சோதித்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கவோ மாற்றிக்கொள்ளவோ தரும் கெடு குறைவு. முழுக் கருப்பும் முழு வெள்ளையுமாகத் திரையை வைத்து இறந்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சீரியல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டு வாரன்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். கிடங்கிலிருந்து கிளம்பிய நாளையே தொடக்கமாக வைத்திருப்பார்கள். பில்லைப் படம் எடுத்து அனுப்பினால் நீங்கள் வாங்கிய தேதிக்கு மாற்றித் தருவார்கள். கடையில் அதிக நாள் நின்ற மாடல் என்றால் சில மாத வாரன்டி இதில் மீளும்.